இடது ஓரத்து யானை

யானையைக் காணோம். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்துவிட்டான் குழந்தைவேலு. அது இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பலகாரம் ஆகிவிட்டது, சமையலறையில் பூங்கொடி கிரைண்டரைப் போட்டிருக்கிறாள், அது உளுந்தோடு மல்லுக்கட்டும் சத்தம் சிங்காநல்லூர்க் குளம் வரைக்கும் கேட்கும்போலிருக்கிறது, புருஷன்காரன் முன்னறை மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வீட்டுப்பாடம் செய்கிறான். வயது நாற்பத்தேழு. உடம்பு சரியில்லாமல் போய், படுத்து, எழுந்து, மறுபடி வேலைக்குப் போனபோது ஆபீசில் பழைய டீமே கலைந்திருந்தது, புதிய டீமில் தூக்கிப் போட்டார்கள், அந்த டீமில் எல்லோரும் ஃபங்ஷனல் புரோகிராமிங் என்று ஒன்றைச் செய்கிறார்கள், அதில் எதையும் மாற்றக் கூடாதாம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு பெட்டிக்குள் இருப்பதை எடுத்துவிட்டு வேறொன்றை வைப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவனிடம், "வெச்சத எடுக்காதீங்க சார், இருக்கறது இருக்கட்டும், புதுசா ஒண்ணு செஞ்சுக்குங்க" என்று சொல்லித்தருகிறாள் நஸ்ரின், அவளுக்கு இவன் வயதில் பாதிதான் இருக்கும். அவள் கொடுத்த பயிற்சிதான் இது. கட்டம் போட்டு ஆடுகிற ஆட்டங்களை வெறும் எழுத்தாலேயே திரையில் காட்ட வேண்டும். படம் கூடாது, வண்ணம் கூடாது, காய்க்கு ஓர் எழுத்து, காலிக் கட்டத்துக்கு ஒரு புள்ளி, நடுநடுவே ஒரு குத்துக்கோடு. சுழியும் பெருக்கலும் போட்டு ஆடுகிற ஆட்டத்தை நேற்றே முடித்தான், வரிசைக்கு மூன்றே கட்டம் என்பதால் கையாலேயே ஒட்டிவிட்டான். இன்று சதுரங்கம், எட்டுக்கு எட்டு. ஒரு வரிசையைக் கொடுத்தால் அதைக் கோடு போட்ட எழுத்தாக்கித் தருகிற ஃபங்ஷன் ஒன்றை எழுதி, நிமிர்ந்து உட்கார்ந்து, ஓட்டிப் பார்த்தான். பலகை வந்தது. அழகாகத்தான் வந்தது. குதிரை, மந்திரி, ராணி, ராஜா, மந்திரி, குதிரை, யானை. ஏழு. சிப்பாய்களும் ஏழு, புள்ளிகளும் ஏழேழு. இடது ஓரத்தில் நிற்க வேண்டிய யானை இல்லை, அதற்கு முன்னால் நிற்க வேண்டிய சிப்பாய் இல்லை, மேலிருந்து கீழ் வரைக்கும் இடது பக்கத்தில் ஒரு பத்தியே இல்லை. வேறு எவனாவது இருந்தால் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டேன் என்று தலையைச் சொறிந்திருப்பான். வலது ஓரத்து யானை காணாமல் போயிருந்தால் குழந்தைவேலுவும் தலையைத்தான் சொறிந்திருப்பான். இடது ஓரம் என்றதும் எழுதியதை விட்டுவிட்டுத் திரையின் விளிம்பைப் பார்த்தான்.

ஏனென்றால் இடது பக்கம் அவனை ஒரு முறை நன்றாக ஏமாற்றியிருக்கிறது. போன வருஷம் மூளையின் வலது பக்கத்தில் ஒரு ரத்தக் கட்டு. பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள், இடது கையில் கொஞ்சம் பலம் குறைந்தது, வாய் லேசாகக் கோணி நேரானது, வந்து பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாம் பெருமூச்சு விட்டுவிட்டு ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போனார்கள். அப்புறம்தான் தெரிந்தது. தட்டில் நாலு இட்லி வைத்தால் வலது பக்கத்து இரண்டைச் சாப்பிட்டுவிட்டு, இவ்வளவுதானா புள்ள, ஆஸ்பத்திரிக்காரன் அரை வயித்துக்குத்தான் குடுப்பானா, என்று கேட்டான். "இருக்குதுங்களே" என்றாள் பூங்கொடி. எங்கே இருக்குது, எனக்கென்ன கண்ணு தெரியாதா, என்று எரிந்து விழுந்தான். அவள் தட்டை ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு இட்லியும் சட்டினியும் ஆகாயத்திலிருந்து குதித்த மாதிரி வந்து நின்றன. அவன் இட்லியைப் பார்த்தான், அவள் அவனைப் பார்த்தாள், அந்த முகத்தை அதற்கு முன்னால் அவளிடம் அவன் பார்த்ததில்லை, இனிமேல் ஆயுசுக்கும் பார்க்கக் கூடாது என்று சாமியிடம் வேண்டிக்கொண்டான். கண்ணில் கோளாறு இல்லை, கண் பார்க்கத்தான் செய்கிறது, மூளைதான் இடது பக்கம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். மறந்தது என்பதும் மறந்துபோகுமாம், அதுதான் இந்த வியாதியின் விசேஷம். இருட்டாகத் தெரியாது, ஓட்டையாகத் தெரியாது, மங்கலாகக்கூடத் தெரியாது. எல்லாம் முழுசாகத் தெரியும், அந்த முழுசில் பாதி இருக்காது. பாதி முகத்துக்குச் சவரம் செய்துவிட்டுக் கண்ணாடியில் திருப்தியாகப் பார்த்துக்கொண்டான். காலண்டரில் இருபத்து நாலை நாலு என்று படித்துவிட்டு நர்ஸோடு சண்டைக்கு நின்றான். ஒரு காகிதம் நிறையக் கோடுகள் போட்டு ஒவ்வொன்றையும் குறுக்கே வெட்டச் சொன்னார்கள், வலது பக்கத்துக் கோடுகளை மட்டும் வெட்டிவிட்டு, முடிஞ்சுதுங்க, என்று பேனாவைப் பெருமையாக நீட்டினான். தப்பு நடந்ததில்கூட அவனுக்கு வருத்தமில்லை, அந்தப் பெருமையை நினைத்தால்தான் இப்போதும் உடம்பு கூசுகிறது. அப்புறம் ஸ்டெல்லா என்று ஒரு பெண் பயிற்சி கொடுக்க வந்தாள். தட்டு, புத்தகம், கதவு, லேப்டாப் என்று கண்ணில் பட்ட எல்லாவற்றின் இடது ஓரத்திலும் சிவப்பு டேப் ஒட்டினாள். "செவப்பு கண்ணுல படற வரைக்கும் தலையத் திருப்புங்க சார், அப்பறமா படிக்க ஆரம்பிங்க" என்பாள். மாசக்கணக்கில் திருப்பித் திருப்பிக் கழுத்து வலித்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தபோது ஒரு நாள் காலையில் தட்டில் நாலு இட்லியும் தானாகவே தெரிந்தன. சரியாகிவிட்டது என்று டாக்டர் கையைக் குலுக்கினார். குலுக்கிய கையை விடாமலே, மறுபடி இடது பக்கம் விட்டுப்போகிற மாதிரி இருந்தால் உடனே வந்துவிட வேண்டும், தள்ளிப்போடவே கூடாது என்றும் சொன்னார்.

தள்ளிப்போடவில்லை, யோசிக்கிறான், அவ்வளவுதான். யோசிக்கிறதும் தள்ளிப்போடுகிறதும் ஒன்றா. டேப் இதோ இருக்கிறது, லேப்டாப்பின் இடது விளிம்பில், அழுக்கேறி, ஒரு முனை சுருண்டு. சிவப்புத் தெரிகிறது. சிவப்புத் தெரிந்தால் இடது பக்கம் தெரிகிறது என்றுதானே அர்த்தம். சிவப்பு, அதற்கு இந்தப் பக்கம் கருப்புத் திரை, அப்புறம் ஒரு கோடு, அப்புறம் குதிரை. எல்லாம் தெரிகிறது, யானையைத் தவிர. ஆனால் ஸ்டெல்லா இன்னொன்றும் சொல்லியிருக்கிறாளே, சில பேருக்கு அறையின் இடது பக்கம் நன்றாகத் தெரியுமாம், ஒவ்வொரு பொருளிலும் அதனதன் இடது பக்கம் மட்டும் விட்டுப்போகுமாம், கடிகாரம் மாட்டியிருக்கிற சுவர் தெரியும், கடிகாரத்தில் ஒன்பதும் பத்தும் தெரியாது என்று. அப்போது இவன் அதை ஊர்க்கதை கேட்கிற மாதிரி சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஒன்பது இருக்கிறது, பத்து இருக்கிறது. இருக்கிறதா, இல்லை, கடிகாரத்தில் ஒன்பதும் பத்தும் இருக்கும் என்று தெரிந்ததால் இருக்கிற மாதிரி தோன்றுகிறதா. அப்படிப் பார்த்தால் யானையும் இருக்கும் என்று தெரியுமே, அது ஏன் தோன்றவில்லை. சரி, எண்ணிப் பார்க்கலாம். எண்ணியாயிற்று. விரலை வைத்து எண்ணலாம், விரலும் இந்த மூளை சொல்கிற இடத்தில்தானே போய் நிற்கும். கம்ப்யூட்டரையே கேட்கலாம், இந்த வரிசையில் எத்தனை எழுத்து என்று, ஒரு சொல் அடித்தால் எண்ணைச் சொல்லிவிடும். இருபத்து நாலை நாலு என்று படித்தவன் அதற்கப்புறம் எந்த எண்ணை நம்புவான். ஏழு காயும் ஏழு கோடுமாகப் பதினாலு என்று வந்தால் அது பதினாலுதானா, அதற்கு இடது பக்கம் வேறு ஏதாவது நின்றுகொண்டிருக்கிறதா என்று யார் சொல்வது. பூங்கொடி சொல்வாள். கூப்பிட்டால் போதும், வந்து ஒரு பார்வை பார்த்தால் தீர்ந்தது. அதுதான் முடியவில்லை. அவள் குனிந்து பார்த்துவிட்டு, இருக்குதுங்களே, என்று சொல்லிவிட்டால். சொல்லிவிட்டு அந்த முகத்தோடு இவனைத் திரும்பிப் பார்த்தால். ரத்தக் கட்டு மறுபடி வந்திருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த முகத்தைத் தாங்க முடியாது என்று நினைத்தான், நினைத்த கையோடு, சீ, என்ன நினைப்பு இது, கட்டு வந்தால் அந்த முகம் வராமலா இருக்கும் என்றும் நினைத்தான். கிரைண்டர் நின்றது. தூக்கிவாரிப்போட்டது அவனுக்கு.

"ஏனுங்க, மோர் கரைக்கட்டுங்களா?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"வேண்டாம் புள்ள."

"கொரல் ஒரு மாதிரி இருக்குதுங்களே."

"ஒண்ணுமில்ல. வேலை ஒண்ணு சரியா வர மாட்டேங்குது."

"வராட்டி உடுங்க, நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னும் அரிசி போடோணும், போட்டுட்டு வாரனுங்க."

மாவை வழித்து எடுக்கிற சத்தம், தண்ணீர் ஊற்றுகிற சத்தம், அரிசியைக் கொட்டுகிற சத்தம், மறுபடி கரகரவென்று கிரைண்டர். அரிசி அரைபடுகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள், அவளுக்கென்ன. நாளைக்கு எங்கே இருப்பான், ஆபீசிலா, ஸ்கேன் எடுக்கிற அந்த உருளைக்குள்ளா. நஸ்ரின் ஒன்று சொல்வாள், ஒரு நல்ல ஃபங்ஷன் என்றால் ஒரே பொருளைக் கொடுத்தால் எப்போதும் ஒரே பதிலைத்தான் தர வேண்டும், காலையில் கேட்டாலும் சாயங்காலம் கேட்டாலும் அதே பதில், யார் கேட்கிறார்கள் என்று பார்க்காது, முன்னால் என்ன நடந்தது என்று நினைவு வைத்துக்கொள்ளாது. கொடுத்துவைத்த ஜென்மம். மனுஷ மூளை அப்படியா இருக்கிறது. அதே தட்டு, அதே நாலு இட்லி, ஒரு நாள் நாலு, ஒரு நாள் இரண்டு. தட்டு. அவள் தட்டைச் சுற்றினாளே. குழந்தைவேலு நாற்காலியில் கொஞ்சம் முன்னுக்கு நகர்ந்தான். பலகையைத் திருப்பிப் போட்டால் என்ன. ஒவ்வொரு வரிசையையும் இடம் வலமாக மாற்றிப் போட ஒரே ஒரு சொல் போதும். தின்கிறது கண் என்றால், எப்படித் திருப்பினாலும் இடது பக்கத்தைத்தான் தின்னும், காணாமல் போன யானை வலது பக்கத்தில் வந்து ஜம்மென்று நிற்கும். தப்பு எழுதியதில் என்றால், யானை இல்லாத இடமே வலது பக்கம் போய்விடும், இடது பக்கம் முழுசாகத் தெரியும். ஆகா, இதைவிடச் சுத்தமாக எந்த டாக்டர் சோதிப்பார். இந்த மொழியில் பலகையைக் காட்டுகிற வேலை முழுசும் ஒரே வரிதான், செய்ய வேண்டியவற்றை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகக் கோத்து வைத்திருப்பான். எல்லாம் முடிந்த பிறகு திருப்ப வேண்டும், அதனால் வரியின் கடைசியில், வலது ஓரத்தில், திருப்பு என்கிற சொல்லைச் சேர்த்தான். ஓட்டினான். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினான் என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அப்படித்தான் செய்தான். திறந்து, சிவப்பு டேப் வரைக்கும் தலையைத் திருப்பி, அங்கிருந்து மெல்ல உள்ளே வந்தான். ராஜாவும் ராணியும் இடம் மாறியிருந்தார்கள், ஆகவே பலகை திரும்பியிருக்கிறது. வலது ஓரத்தில் யானை நின்றது. இடது ஓரத்தில் யானை இல்லை.

கிரைண்டர் சத்தம் எங்கேயோ அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. அப்போ கண்ணுதான். கண்ணில்லை, மூளை. எந்தப் பக்கம் திருப்பினாலும் இடது பக்கத்தைத் தின்கிறது, வேறென்ன சாட்சி வேண்டும். இன்னும் கொஞ்ச நேரத்தில் வாய் கோணலாம், பேச்சுக் குழறலாம், பேச்சு இருக்கிறபோதே கூப்பிட்டுவிட வேண்டும், மகள் யாழினிக்குப் பரீட்சை நடக்கிறது, ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைக்கு இப்போது சொல்லக் கூடாது, பூங்கொடிக்குக் கார் ஓட்டத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குப் போயிருப்பார், ஆம்புலன்ஸைத்தான் கூப்பிட வேண்டும், ஆம்புலன்ஸ் வந்தால் தெருவே வாசலில் நிற்கும், நிற்கட்டும், போன தடவையும் நின்றது. பூங்கொடி என்று கூப்பிட வாயைத் திறந்தான். என்ன சொல்வது. மறுபடி வந்துருச்சு புள்ள என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பாள், பாவம், நம்பாமல் கேட்க மாட்டாள், நம்பப் பிடிக்காமல் கேட்பாள். பலகையைத் திருப்பிப் பார்த்தேன், நீ அன்னைக்குத் தட்டைத் திருப்பின மாதிரி, என்று சொல்ல வேண்டும். நீ தட்டில் இட்லியெல்லாம் வைத்து முடித்த பிறகு திருப்பினாய், நானும் எல்லாம் முடிந்த பிறகு. முடிந்த பிறகா. திறந்த வாய் அப்படியே நின்றது. வலது ஓரத்தில்தானே எழுதினான். வலது ஓரத்தில். இந்த மொழியில் வலது ஓரத்தில் எழுதியது கடைசியில் நடக்காது சார், முதலில் நடக்கும், அங்கிருந்து இடது பக்கமா வரும், சட்டைய மாட்டிட்டு மேல கோட்டு போடற மாதிரி, உள்ள இருக்கறதுதான் மொதல்ல, என்று நஸ்ரின் எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், எத்தனை தடவை தலையை ஆட்டியிருக்கிறான். அவன் தட்டைத் திருப்பவில்லை. தட்டில் வைப்பதற்கு முன்னாலேயே இட்லியை இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறான். வைக்கிறவனே முதல் இட்லியைத் தின்றுவிட்டு வைக்கிறவனாக இருந்தால், எந்த இட்லியை முதலில் கொடுத்தாலும் அதைத் தின்றுவிட்டுத்தானே வைப்பான். அப்படியானால் இந்தச் சோதனை ஒன்றையும் சொல்லவில்லை. கண் தின்றாலும் இப்படித்தான் வரும், எழுதியது தின்றாலும் இப்படித்தான் வரும். இவ்வளவு நேரம் உயிர் போனதெல்லாம் தண்டம். இன்னும் போக வேண்டியிருந்தாலும் இருக்கலாம், அது தெரியாது, ஆனால் இதுவரைக்கும் போனது தண்டம்.

சொல்லை வெட்டினான். ஒரு படி இடது பக்கம் தள்ளி ஒட்டினான், வரிசைகள் எல்லாம் எழுத்தாகி முடிந்த இடத்துக்கு அப்புறம். இப்போது இவன் உள்ளே எதையும் தொடவில்லை, பரிமாறி முடித்த தட்டைத்தான் சுற்றப்போகிறான். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். சிவப்பு டேப். கருப்புத் திரை. யானை. யானை நின்றது. டேப்புக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில், அதைத் தாண்டி இடது என்று ஒன்று கிடையாது என்கிற இடத்தில், யானை நின்றது. அப்புறம் கோடு, குதிரை, கோடு, மந்திரி, ராஜா, ராணி, மந்திரி, குதிரை, அப்புறம் ஒரு கோடு, அந்தக் கோட்டுக்கு வலது பக்கம் ஒன்றுமே இல்லை. வலது பக்கம். உலகத்திலேயே இவன் ஒரு நாளும் சந்தேகப்படாத வலது பக்கத்தில் யானை இல்லை. நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது என்பார்களே, அது பேச்சுக்குச் சொல்வது என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தான், இல்லை, நிஜமாகவே தொண்டையிலிருந்து வயிறு வரைக்கும் ஏதோ குளிர்ச்சியாக இறங்கியது. அப்பாடா என்று சொன்னான், சத்தமாகவே சொன்னான், கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. காலை நீட்டினான். இடது கால் நீண்டது. கையைத் தூக்கி விரலை மடக்கி விரித்தான், நாயே, நீயும் நல்லாத்தான் இருக்கறே என்று இடது கையைப் பார்த்துச் சொன்னான். தப்புத்தான். வெறும் தப்பு. எழுதத் தெரியாமல் எழுதிய முட்டாள்தனம். ஆயிரம் பேர் தினமும் செய்கிற, செய்துவிட்டு எரிச்சல்படுகிற, நஸ்ரின் பார்த்தால் வாய்க்குள் சிரிக்கிற தப்பு. இருபது வருஷத்தில் எத்தனையோ தப்பு செய்திருக்கிறான், ஒன்றைக்கூடக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கலாம்போல இருந்ததில்லை.

எங்கே என்று தேட வேண்டியதுகூட இல்லை, பயம் போனதும் கண்ணுக்கு நேராக நின்றது. ஒவ்வொரு காய்க்கும் முன்னால் ஒரு கோடு போட வேண்டும், எல்லாவற்றையும் ஒட்ட வேண்டும், ஒட்டிய பிறகு முதலில் உபரியாக நிற்கிற அந்த ஒரு கோட்டை மட்டும் கிள்ளி எறிய வேண்டும். இவன் ஒட்டு, கிள்ளு என்று இடமிருந்து வலமாக எழுதிவிட்டான். அந்த மொழி வலமிருந்து படித்து, முதலில் கிள்ளிவிட்டு அப்புறம் ஒட்டியது. ஒட்டாதபோது முதலில் நிற்பது கோடு அல்ல, கோடும் யானையும் சேர்ந்த துண்டு. அதைக் கிள்ளி எறிந்துவிட்டது. கோட்டைக் கிள்ளச் சொன்னால் யானையோடு கிள்ளியிருக்கிறது, ஒவ்வொரு வரிசையிலும், எட்டு வரிசையிலும், ஒரு வார்த்தை முணுமுணுக்காமல். எதை முதலில் எழுதினாலும் அந்த மொழிக்குச் சரிதான், துண்டுகளில் முதலாவதையும் கிள்ளலாம், எழுத்துகளில் முதலாவதையும் கிள்ளலாம், எதைக் கிள்ள வேண்டும் என்பது எழுதுகிறவன் பாடு. இதில் வேடிக்கை என்னவென்றால், பலகையின் இடது ஓரத்தில் குதிரைக்கு முன்னால் ஒரு கோடு நின்றுகொண்டே இருந்தது, கிள்ளப்பட்டிருக்க வேண்டிய கோடு, அது இருக்கவே கூடாது, அதை முதலிலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பார்த்துவிட்டு, பலகைக்கு விளிம்பு கட்டின மாதிரி அழகாக இருக்கிறது என்று நினைத்தான். இல்லாததைப் பார்த்து நடுங்கியவன் இருக்கக் கூடாததை ரசித்திருக்கிறான். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது, இரண்டு கண்ணிலும் வந்தது, அதையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். ஒட்டு என்ற சொல்லையும் கிள்ளு என்ற சொல்லையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. மாற்றவில்லை. திருப்பு என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு, பழைய தப்பை அப்படியே மறுபடி ஓட்டினான். யானை இல்லாத பலகை வந்து நின்றது. காலையில் பார்த்த அதே பலகை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. இப்போது அது அவ்வளவு பயங்கரமாக இல்லை, பல்லு விழுந்த பிள்ளை சிரிக்கிற மாதிரிதான் இருந்தது. ஆனாலும் ஒன்று பாக்கி இருந்தது. இவ்வளவு நேரம் எவளைக் கூப்பிடப் பயந்தானோ அவளை இப்போது கூப்பிட வேண்டும்போல இருந்தது. கிரைண்டர் நிற்கிற வரைக்கும்கூடப் பொறுக்க முடியவில்லை, சத்தத்துக்கு மேல் கத்தினான்.

"புள்ள, கொஞ்சம் இங்க வா."

மாவு ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பூங்கொடி வந்தாள். அவன் கண் ஈரமாக இருந்ததைத்தான் முதலில் பார்த்தாள். வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அந்த முகம் வந்துவிட்டது, எதற்காக இவ்வளவு பாடுபட்டானோ அந்த முகம் ஒரு நொடியில் வந்து உட்கார்ந்துவிட்டது, சே, கண்ணைத் துடைத்துவிட்டல்லவா கூப்பிட்டிருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்ல, பயப்படாத. இது செஸ் போர்டு. இந்த ஓரத்துல ஒரு யானை நிக்கோணும். நிக்குதான்னு பாத்துச் சொல்லு."

அவள் திரையைப் பார்க்கவில்லை, அவனையே பார்த்தாள். "உங்களுக்கு நிக்குதுங்களா?" என்றாள் மெதுவாக.

"நீ மொதல்ல சொல்லு."

குனிந்தாள். மாவுக் கை திரையில் படாமல் விரலை நீட்டி, சிவப்பு டேப்பிலிருந்து ஆரம்பித்து உள்ளே வந்தாள், ஸ்டெல்லா இவனுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரியே. ஒரு தடவை வந்தாள், திரும்பவும் டேப்புக்குப் போய் இன்னொரு தடவை வந்தாள். "இல்லீங்க" என்றாள், பரீட்சையில் தோற்ற பிள்ளை மாதிரி. "ஒரு கோடு இருக்குது. அதுக்கு அக்கட்டால ஒண்ணும் இல்லீங்க. எனக்கே தெரியலீங்களே."

"தெரியாது புள்ள. அங்க இல்லவே இல்ல. நான் எழுதினதுல தப்பு. ஒட்டிட்டுக் கிள்ளோணும், கிள்ளிட்டு ஒட்டிட்டேன்."

"அப்ப தப்பு இதுலதானுங்களா?" என்று லேப்டாப்பைக் காட்டினாள்.

"இதுலதான்."

"இங்க இல்லீங்களே?" மாவுக் கையாலேயே அவன் தலையின் வலது பக்கத்தைத் தொட்டாள். நெற்றி ஓரத்தில் மாவு ஈரமாக ஒட்டியது, அவளுக்கு அது தெரியவில்லை.

"அங்க இல்ல."

பூங்கொடி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உள்ளே கிரைண்டர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அரிசி அளவுக்கு மீறி அரைபடும், படட்டும். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "தெனமும் காலைல காப்பி டம்ளர உங்களுக்கு இடது பக்கமாத்தான் வெக்கறனுங்க. பேப்பரு மறைக்கற மாதிரி, கொஞ்சந் தள்ளி. நீங்க கைய நீட்டி எடுக்கற வரைக்கும் கதவுக்குப் பின்னால நின்னு பாத்துட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். சொன்னா வருத்தப்படுவீங்கன்னு சொல்லலீங்க." தினமும் காலையில் தான் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டு, கையை நீட்டி, காப்பியை எடுத்து, சர்க்கரை குறைச்சல் என்று குறைபட்டுக்கொண்டதை நினைத்தான். ஒருத்தி கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியாமல். தான் ஒருத்தன்தான் பயந்துகொண்டிருப்பதாக எவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சரி, இதை ஒழுங்குபண்ணிவிடலாம், நீ போய் மாவைப் பாரு, என்று விசைப்பலகையில் கையை வைத்தான். இரண்டு சொல்லை இடம் மாற்ற வேண்டும், அவ்வளவுதான், யானை வந்து நின்றுவிடும். பூங்கொடி அவன் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுமுங்க. இப்பவே சரி பண்ணிப்போடாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தெரியுதல்லங்க, கொஞ்ச நேரம் பாத்துட்டு இருக்கலாம்."

அவன் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டான்.